இலையை விலக்காதவர்

ஆடி மாதத்தில் பறவைப் படம் எடுக்க ஏரிக்கரைக்கு வருகிறவர்கள் குறைவு. ஐப்பசியில் மழை பிடித்து, வடக்கிலிருந்து வாத்துகளும் உள்ளான்களும் வந்து இறங்கிய பிறகுதான் அம்பத்தூர், கொரட்டூர், அயப்பாக்கம், பருத்திப்பட்டு என்று ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் நீண்ட லென்ஸ்கள் வரிசை கட்டும். ஆடியில் காற்றுதான் வரும். அம்மியும் பறக்கும் என்று சொல்லப்படுகிற மேல்காற்று. திருவேற்காட்டுக் கருமாரியம்மன் கோயிலுக்கு மஞ்சள் உடுத்தி நடந்து போகிறவர்கள், தெருமுனையில் அண்டா வைத்துக் கூழ் ஊற்றுகிறவர்கள், ஒலிபெருக்கியில் அம்மன் பாட்டு. இவ்வளவுக்கும் நடுவில், கரையை விட்டு உள்வாயில் இறங்கி, தண்ணீரோரமாக ஒருவர் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறார்.

ஏரியின் பெயரை எழுதப் போவதில்லை. அங்கே கூடு இருக்கிறது. கூடு இருக்கும் இடத்தை ஊரறியச் சொல்லக் கூடாது என்பது பறவை பார்ப்பவர்களிடையே உள்ள நல்ல வழக்கம். ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் இடைப்பட்ட ஓர் ஏரி, அவ்வளவு போதும்.

அறுபதைத் தாண்டியவர். வெளுத்துப் போன மண்நிற முழுக்கைச் சட்டை, காதை மூடும் துணித்தொப்பி. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்திருக்கிறார். கேமரா பழையது, விளிம்புகளில் கறுப்பு தேய்ந்து உலோகம் தெரிகிறது. லென்ஸுக்குப் பச்சைக் கட்டம் போட்ட லுங்கித் துண்டால் உறை தைத்துப் போட்டிருக்கிறார். முக்காலி இல்லை. பயறு நிரப்பிய துணிப்பை ஒன்றைக் கல்லின் மேல் வைத்து, நடுவில் கையால் அழுத்திப் பள்ளமாக்கி, அதில் லென்ஸைப் படுக்க வைத்திருக்கிறார். நின்றுகொண்டு எடுத்தால் பறவையை மேலிருந்து பார்த்த படமாகிவிடும். இப்படி உட்கார்ந்தால் லென்ஸும் தண்ணீரோரப் பறவையின் கண்ணும் ஒரே மட்டத்துக்கு வரும். முன்னால் நிற்கும் புல்லும் கோரையும் தாமாகவே படத்துக்குள் வந்துவிடும்.

அவை வர வேண்டும் என்றுதான் அவர் அங்கே உட்கார்ந்திருந்தார். சற்றுத் தள்ளிப் போனால் கோரையே இல்லாத வெட்டவெளி. மடையான்கள் ஆளுக்கொரு கல்லைப் பிடித்து நிற்கின்றன. நீர்க்காகம் ஒன்று பட்டுப்போன கிளையில் இறக்கையை விரித்துக் காயவைக்கிறது. தாழைக்கோழி தன் குஞ்சுகளை ஓட்டிக்கொண்டு போகிறது. எல்லாமே எளிதில் கிடைக்கக்கூடிய படங்கள். அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. அவர் முன்னால் இருந்தது ஆள் உயரச் சம்பங்கோரை. அதற்குள் என்ன இருக்கிறது என்பது கரையில் உட்கார்ந்திருந்த எனக்கு வெகுநேரம் தெரியவில்லை.

காற்று ஒரு கணம் விழுந்தது. கோரை முழுக்க அசைவற்று நின்றது. ஒரு தாள் மட்டும் கொஞ்சம் கூடுதலாக அசைந்து நின்றது. அந்தத் தாளுக்குக் கண் இருந்தது.

மஞ்சள் குருகு. மடையானைவிடச் சிறியது, காய்ந்த கோரையின் நிறம். ஒரு காலால் ஒரு தண்டையும் மறு காலால் அடுத்த தண்டையும் விரல்கள் சுற்றிப் பிடித்திருந்தது. கழுத்தை நெட்டாக நீட்டி, அலகை வானத்தைப் பார்க்க நிமிர்த்தியிருந்தது. தொண்டையிலிருந்து மார்புக்கு இறங்கும் மங்கிய கோடுகள் கோரைத் தண்டுகளோடு தண்டாக ஓடின. அலகு மேலே பார்த்தாலும் கண்கள் இரண்டும் அலகின் அடிப்பக்கமாக நேர் முன்னால் பார்த்தன. குருகினத்துக்கு முகம் அப்படி அமைந்திருக்கிறது. காற்று திரும்பவும் எழுந்தபோது கோரையோடு சேர்ந்து அதுவும் அசைந்தது. அசையாமல் நின்றால் ஆடும் கோரைக்கு நடுவே தனித்துத் தெரிந்துவிடும் என்பது அந்தப் பறவையின் உடம்புக்கே தெரிந்திருக்கிறது.

இந்தப் பறவையைக் கோரை இல்லாமல் படம் எடுத்தால் என்ன கிடைக்கும்? மஞ்சளாக ஒரு கொக்கு கிடைக்கும். அலகை ஏன் நிமிர்த்தியது, மார்பில் ஏன் அந்தக் கோடுகள், ஒன்றுக்கும் படத்துக்குள் விடை இருக்காது. கோரை உள்ளே வந்தால்தான் குருகு குருகாகிறது. இலையும் தண்டும் படத்தின் ஓரத்தில் வைக்கிற அலங்காரம் என்று நினைக்கிறவர்களிடம் எனக்கு உடன்பாடில்லை. பாதிப் பறவை அங்கேதான் இருக்கிறது.

எடுப்பது சுலபமில்லை. கேமராவின் தானியங்கி ஃபோகஸ் முன்னால் எது குறுக்கே வருகிறதோ அதைப் பிடித்துக்கொள்ளும். ஆடிக்காற்றில் கோரைத் தாள் ஒவ்வொன்றும் குறுக்கே வரும். அவர் அதை அணைத்துவிட்டு இரண்டு விரலால் வளையத்தைத் திருப்பினார், மயிரிழை மயிரிழையாக. 400 மி.மீ. லென்ஸில், எஃப் 5.6 துளையில், ஐந்து மீட்டர் தள்ளி நிற்கும் பறவையைக் குறி வைத்தால், முழு அளவு சென்சாரில் கூர்மையாக விழுகிற ஆழம் ஏறக்குறைய ஐந்து சென்டிமீட்டர்தான். கண் கூராக இருந்தால் வால் மங்கும். பறவைக்குப் பக்கத்திலுள்ள தண்டு கோடாக நிற்கும். லென்ஸுக்குப் பக்கத்திலுள்ள தாள் கரைந்து, பச்சைப் புகையாகப் படத்தின் மேல் படரும். எந்தத் தாள் கோடாக நிற்க வேண்டும், எது கரைய வேண்டும் என்பதெல்லாம் உட்காரும் இடத்தைப் பொறுத்தது.

ஒரு தாள் குருகின் கண்ணுக்குக் குறுக்கே நின்றது. கையை நீட்டினால் அவரே வளைத்துவிடக்கூடிய தாள், முழங்காலுக்கு முன்னால்தான் இருந்தது. அவர் தாளைத் தொடவில்லை. துணிப்பையை ஒரு விரற்கடை இடப்பக்கம் நகர்த்தினார். பிறகு தன்னை நகர்த்தினார். பிறகு கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, பையைப் பாதி திரும்ப நகர்த்தினார். காற்று விழக் காத்திருந்தார். மூச்சை வெளியே விட்ட நேரத்தில் ஷட்டர் ஒலித்தது, ஒரே ஒரு தரம். இப்போதைய கேமராக்கள் ஒரு நொடிக்கு இருபது படம் சுடும். அந்த மழை அவரிடம் இல்லை.

அவரைப் பார்க்கையில் மா. கிருஷ்ணன் நினைவு வந்தது. 1912 முதல் 1996 வரை வாழ்ந்தவர், ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அ. மாதவையாவின் மகன், சென்னைவாசி. கொல்கத்தா ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் 1950-இல் தொடங்கிய பத்தியைச் சாகும்வரை நிறுத்தாமல் எழுதினார். அவர் தமிழில் எழுதிய கட்டுரைகளை சு. தியடோர் பாஸ்கரன் ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்று தொகுத்திருக்கிறார். பல கேமராக்களின் உறுப்புகளைப் பொருத்தித் தானே ஒரு கருவி செய்து, அதற்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பெயரும் வைத்துக்கொண்டு காடு காடாகச் சுற்றியவர். வண்ண ஃபிலிம் வந்த பிறகும் கறுப்பு வெள்ளையை விடவில்லை. அதன் கஷ்டம் இந்தக் கோரை முன்னால் உட்கார்ந்து யோசித்தால்தான் விளங்கும். வண்ணத்தில் மஞ்சளும் பச்சையும் தாமாகவே பிரிந்து நிற்கும். கறுப்பு வெள்ளையில் இரண்டும் ஒரே சாம்பல். வெளிச்சம் மட்டும்தான் பறவையை இலையிலிருந்து பிரித்துக் கொடுக்க வேண்டும். அந்த வெளிச்சம் வரும்வரை காத்திருக்கிற பொறுமையும், எது என்ன செடி என்கிற அறிவும் அவருக்கு இருந்தன. கல்லூரியில் அவர் படித்தது தாவரவியல்.

சென்னையின் மேற்குப் புறநகரில் இலை எங்கே மிச்சம் இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். செம்பரம்பாக்கத்தின் பெரிய கரையில் தேடினால் கிடைக்காது. 24 அடி நீர் நிற்கும் அணை, 3,645 மில்லியன் கன அடி கொள்ளளவு. மண்கரைக்குள் மரவேர் இறங்கினால் வேர் மக்கும்போது நீர் கசிய வழி உண்டாகும். அங்கே புதர் எடுப்பது நியாயம்தான். அந்த ஏரியின் படங்கள் வெட்டவெளிப் படங்கள்: கூழைக்கடா, ஆலா, வானம். ஆவடியில் 1960களில் எழுந்த டாங்கித் தொழிற்சாலையும் சுற்றியுள்ள பாதுகாப்புத் துறை வளாகங்களும் தங்கள் மதில்களுக்குள் பெரிய பெரிய மரங்களைக் காத்து வைத்திருக்கின்றன. மாங்குயிலும் குக்குறுவானும் புள்ளி ஆந்தையும் அங்கே நிறைவாக வாழ்கின்றன. அங்கே கேமராவைத் தூக்க முடியாது, தூக்கவும் கூடாது. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையின் ஓரங்களில் தூங்குமூஞ்சி மரமும் புங்கனும் உண்டு. லாரிப் புழுதி படிந்த இலைகளுக்குள் தேன்சிட்டு பாடிக்கொண்டிருக்கும். மற்றபடி, பறவையும் இலையும் தண்ணீரும் சேர்ந்து கிடைக்கிற இடம் இந்தச் சின்ன ஏரிகளின் உள்வாய்தான். ஒரு காலத்தில் நெல்லுக்குப் பாய்ந்த ஏரிகள். ஆயக்கட்டு முழுக்க வீடாகிவிட்டது. ஏரி மட்டும் நிற்கிறது.

அந்த உள்வாயிலும் பெரும்பாலும் நிற்பது சீமைக் கருவேலம். 19-ஆம் நூற்றாண்டில் விறகுக்காக இங்கே கொண்டுவரப்பட்ட அமெரிக்கக் கண்டத்து மரம். அதை அகற்றச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதும், 2022-இல் அயல் களைத் தாவரங்களுக்கென்றே தமிழக அரசு ஒரு கொள்கை வெளியிட்டதும் தெரிந்த செய்திகள். அகற்ற வேண்டிய மரம்தான், சந்தேகமில்லை. ஆனால் சாயங்காலம் இங்கே வந்து பாருங்கள்: வக்காவும் உண்ணிக்கொக்கும் ராத்தங்குவது அதில்தான். மெல்லிய சிற்றிலைகள் வழியாக எதிர்வெயில் வடியும்போது வக்காவின் சிவந்த கண்ணைப் படம் எடுத்தவர்களின் தொகுப்புகளில் பின்னணிப் பச்சை பெரும்பாலும் இந்த மரத்துடையது. நாட்டுக் கருவேலத்தையும் நீர்க்கடம்பையும் முதலில் வளர்த்து நிறுத்திவிட்டு, அப்புறம் பகுதி பகுதியாக இதை எடுப்பதுதான் முறை. ஒரே வாரத்தில் பொக்லைன் விட்டு வழித்துவிட்டு, புல்தரை விரித்து, குரோட்டன்ஸ் நட்டு, நடைபாதை போட்டால், நடப்பவர்களுக்கு இடம் கிடைக்கும். கதிர்க்குருவிக்குக் கிடைக்காது. நடைபாதை வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். பருத்திப்பட்டு ஏரி கழிவுநீரும் ஆகாயத்தாமரையுமாகக் கிடந்ததைப் பார்த்த யாரும், 2019-இல் அது பூங்காவாகத் திறக்கப்பட்டபோது மகிழ்ந்திருப்பார்கள். கரையில் ஒரு பக்கத்தையாவது கோவைக்கொடிக்கும் உன்னிக்கும் நுணாவுக்கும் விட்டுவைக்க வேண்டும், அதுதான் என் ஆசை.

வெயில் ஏறியதும் குருகு கோரைக்குள் இன்னும் ஆழமாக நுழைந்தது. அவர் எழுந்தார். மண்ணைத் தட்டிவிட்டு, கரைச்சரிவில் இடுப்புயரம் வளர்ந்திருந்த நுணாக் கன்று ஒன்றைத் தள்ளி நின்றே பார்த்தார். அதே நேரத்துக்கு மோட்டார் சைக்கிளில் இரண்டு இளைஞர்கள் வந்து இறங்கினார்கள். அவர்களின் லென்ஸ் அவருடையதைவிட இரண்டு மடங்கு பெரியது. அவர் பார்த்த திசையிலேயே அவர்களும் பார்த்தார்கள். கண்டுபிடித்துவிட்டார்கள்.

தையல்சிட்டின் கூடு. அகலமான நுணா இலைகள் இரண்டை விளிம்போடு விளிம்பு சேர்த்துத் தைத்திருந்தது. அலகால் ஓட்டை போட்டு, நாரும் பஞ்சும் சிலந்தி நூலும் கோத்து, ஒவ்வொரு தையலிலும் நூல்முனை வெளிப்பக்கம் சிறு பஞ்சு முடிச்சாகப் பிதுங்கியிருக்கும். அந்தப் பிதுக்கமே நூலை உருவிப் போகாமல் பிடித்துக்கொள்ளும். இலை காம்போடு உயிரோடு இருக்கிறது, பச்சையாக இருக்கிறது. அதனால்தான் எதிரே நின்றாலும் கூடு கண்ணில் படுவதில்லை.

“சார், அந்த மேல் இலையை லேசா ஒதுக்கினா குஞ்சு வாய் திறக்கறது அப்படியே தெரியும்ல? நான் பிடிச்சுக்கறேன், இவன் எடுத்துடுவான்.”

“வேணாம் தம்பி. அந்த இலைதான் கூடே.”

“ஒரு நிமிஷம்தான் சார்.”

“அதுக்கு ஒரு நிமிஷம் போதும்.” அவர் மோவாயால் மின்கம்பியைக் காட்டினார். காக்கை ஒன்று உட்கார்ந்திருந்தது. “நாம எங்க கூடி நிக்கிறோம்னு பார்த்துக்கிட்டே இருக்கும். நாம போனதும் இறங்கும். காக்கா விட்டா செம்போத்து. அதையும் விட்டா ஓணான்.”

பழைய காலத்தில் கூட்டுப் படம்தான் பறவைப் படம். இங்கிலாந்தில் கியர்ட்டன் சகோதரர்கள் 1892-இல் முட்டையோடு ஒரு கூட்டைப் படம் எடுத்ததிலிருந்து அந்த வழி தொடங்கியது. பாடம் செய்த மாட்டின் வயிற்றுக்குள் கேமராவோடு ஒளிந்து படம் எடுத்தவர்கள் அவர்கள். தொலைநோக்கு லென்ஸ் பெரிதாக வளராத நாளில், பறவை கட்டாயம் திரும்பி வரும் ஒரே இடம் கூடுதான். மறைப்புக் கூடாரம் போட்டு, வெளிச்சத்துக்காகக் கிளையைக் கட்டி ஒதுக்கி எடுத்தார்கள். நம் நாட்டிலும் பல பெரிய கைகள் அப்படித்தான் பழகின. அவர்கள் கையில் இருந்த கருவிக்கு வேறு வழி குறைவு. இன்றைக்கு 600 மி.மீ. லென்ஸைத் தோளில் போட்டுக்கொண்டு வருகிறவருக்கு அந்தச் சமாதானம் கிடையாது. இந்தியாவில் பல பறவை ஆர்வலர் குழுக்கள் கூட்டுப் படங்களை இப்போது ஏற்பதில்லை. அந்தத் தடையை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன்.

“அப்ப எப்படி சார் எடுக்கறது?” என்றான் இளையவன். குரலில் கோபம் இல்லை.

“அந்தக் கல்லுகிட்டப் போய் உக்காரு. இரை கொண்டு வரும்போது நேரா கூட்டுக்குள்ள போகாது. முதல்ல அந்தக் கோவைக்கொடியில உக்காந்து நாலு பக்கமும் பார்க்கும். அங்க எடு. கூட்டை எடுக்காதே.”

மற்றவன் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். இவன் போய் உட்கார்ந்தான். தையல்சிட்டு வந்தது, செம்பழுப்பு உச்சந்தலை, நிமிர்ந்த வால், அலகில் பச்சைப்புழு. உள்ளங்கை அகலத்துக்கு இருந்த கோவையிலை இடைவெளியில் ஒரு கணம் நின்றது. இவன் கேமரா படபடவென்று சுட்டது. திரையைப் பார்த்தான்: முன்னால் இருந்த இலையின் நரம்பெல்லாம் தெளிவு, பறவை மங்கல்.

“ஃபோகஸ் புள்ளி ஒண்ணே ஒண்ணு வை தம்பி. நடுவுல. இலை இல்லாத சந்துல கண்ணு வரும்னு முன்னாடியே வெச்சுக்க.”

அடுத்த முறை அவன் முகத்தில் சிரிப்பு வந்தது. படத்தில் பறவையின் மார்பு வெள்ளையாக இல்லாமல் இளம்பச்சையாக விழுந்திருந்ததைக் காட்டி, நிறத்தைத் திருத்த வேண்டுமா என்று கேட்டான். இலையில் பட்டுத் திரும்பிய வெளிச்சம் அது, இருந்தது இருந்தபடி இருக்கட்டும் என்றார் அவர்.

அப்போதுதான் கரையின் அந்தக் கோடியிலிருந்து அரிவாள்களோடு நாலைந்து பெண்களும், புல்வெட்டும் மிஷினைத் தோளில் மாட்டிய ஒருவரும் வந்தார்கள். மழைக்கு முன்னால் கரையைச் சுத்தம் செய்யும் வேலை. ஆமணக்கு, எருக்கு, உன்னி எல்லாம் வரிசையாகச் சாய்ந்துகொண்டே வந்தன. அவர் விறுவிறுவென்று நடந்து முன்னால் போய் நின்றார்.

“அம்மா, இந்த நுணாவை மட்டும் விட்டுட முடியுமா?”

“இன்னாத்துக்கு சார்? கரை பூரா எடுக்கச் சொல்லிக்கீறாங்க.”

“குருவி குஞ்சு பொரிச்சிருக்கு.”

அந்த அம்மாள் அரிவாளை இடுப்பில் செருகிவிட்டுக் குனிந்தாள். இலையைத் தொடாமல், அடியிலிருந்து அண்ணாந்து பார்த்தாள். “தையக்காரக் குருவி. எங்க ஊர்ல பூசணி இலையில கட்டும்” என்றாள். திரும்பி, “மிஷினை அந்தாண்ட எடுத்துக்கினு போப்பா” என்று குரல் கொடுத்தாள். “எத்தினி நாள் சார் ஆவும்?”

“பத்து, பன்னெண்டு நாள்.”

“ரெண்டு வாரம் கழிச்சு திரும்ப இந்தப் பக்கம்தான் வேலை. அப்ப நானே வெட்டிக்கறேன்.”

“அந்தக் கோவைக்கொடியையும் சேர்த்து விடும்மா.”

“அது இன்னாத்துக்கு? அதுலயும் கூடு கீதா?”

“இல்ல. அதுல உக்காந்து பார்த்துட்டுத்தான் உள்ள போகுது. அது இல்லேன்னா குஞ்சுகிட்ட வர பயப்படும்.”

அவள் கொடியையும் நுணாவையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு வெட்டிப் போட்ட எருக்கங்கிளை ஒன்றை எடுத்து, இரண்டுக்கும் வெளியே மண்ணில் ஒரு கோடு இழுத்தாள். “இந்தக் கோட்டுக்கு இப்பால யாரும் வராதீங்கடி” என்று மற்றவர்களிடம் சொல்லிவிட்டு, அடுத்திருந்த ஆமணக்கை வெட்டத் தொடங்கினாள்.